வெளியால் போட்ட பூட்டு

செலீனின் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்று காலை இரண்டு தரம் உதறினால் விட்டுவிடும். ஆனால் எழும்ப முடியாது. எழும்பினால் கதவுப் பலகை இடுக்கில் ஆள் அசைவது வெளியே தெரியும். கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் குந்தியபடியே பல்லைக் கடித்துக்கொண்டாள். அடிவயிறு வேறு கல்லுக் கட்டினதுபோல் கனத்தது. விடிய ஐந்தரைக்குக் கக்கூசுக்குப் போனவள், இப்போது பத்தேகால். கக்கூசு வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில். கதவு வெளியால் பூட்டிக் கிடக்கிறது.

கட்டிலில் அவள் புருஷன் ரெனால்ட் துவாயைச் சுருட்டி வாய்க்குள் அடைத்து வைத்திருந்தான். புறக்கோட்டையில் இருபது வருஷம் மூட்டை சுமந்த நாட்டாமி அவன். ஆறு வருஷத்துக்கு முன் லொறியில் இருந்து சரிந்த சீனி மூட்டை முதுகில் விழுந்ததோடு இடுப்புக்குக் கீழே செத்துப்போயிற்று. மிஞ்சியது நெஞ்சும் இருமலும்தான். அந்த இருமல் இப்போது அவன் தொண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் பிதுங்கி நீர் வழிந்தது. செலீன் எட்டித் துவாயின் மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

வெளியே சப்பாத்துச் சத்தம் கதவடியில் வந்து நின்றது. அளவு நாடா இழுபடும் ஓசை. மூன்று தட்டு.

"கெதர கவுருஹரி இன்னவாத?"

வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டான், இளம் குரல். செலீன் மூச்சை நிறுத்தினாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரு இருமல் போதும்.

"கவுருத் நே மாத்தயா," என்றது இன்னொரு குரல். ஒருத்தருமில்லை. அது முன்வரிசை வீட்டு டோரினின் குரல். ஞாயிறுப் பூசையில் வாசகம் வாசிக்கிற அதே தெளிவு.

பேனா கீறுகிற நேரம் ஒன்று போனது. யாரோ இரண்டடி பின்னால் போய், கொஞ்சம் விலகச் சொல்லி, போன் கமராவால் படம் எடுத்தார்கள். பிறகு சீறுகிற சத்தம். பெயின்ற் நாற்றம் இடுக்கு வழியே உள்ளே வந்தது. கதவின் உட்பக்கத்தில் சிவப்பாய் ஒரு துளி கசிந்து, வழிந்து, அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் சீமெந்தில் விழுந்தது. செலீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சப்பாத்துகள் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தன. அங்கேயும் மூன்று தட்டு. அங்கேயும் டோரின், கவுருத் நே.

கொட்டாஞ்சேனையில் அந்த இடத்துக்கு மில் தோட்டம் என்று பெயர். எண்ணெய் மில் மூடி இருபது வருஷத்துக்கு மேல். உள்ளே வௌவாலும் துருப்பிடித்த செக்கும்தான். மில்லின் மதிலை ஒட்டி வீடுகள் இரண்டு வரிசை. தெருவைப் பார்த்த முன்வரிசை பதினான்கு வீடும் மில் கிளார்க்குமாருக்கென்று கட்டியவை. அவற்றுக்கு இலக்கம் உண்டு, மீற்றர் உண்டு, கக்கூசு உள்ளேயே உண்டு. பின்வரிசை பதினொன்றும் புண்ணாக்கு வாரியவர்களுக்கும் மாநகரசபைக்கு மலவாளி சுமந்தவர்களுக்கும் கட்டியவை. அவற்றுக்கு இலக்கம்கூட இல்லை. செலீனின் அப்பா வாளி சுமந்தவர். வாளி போய்க் குழாய் வந்து, அப்பா செத்து, அவள் புறக்கோட்டையில் செத்தல் மிளகாயில் சொத்தை தெரிந்தெடுக்கிற வேலைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் முன்வரிசையில் அவள் வாளிக்காரன்ட மகள்தான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொழும்பில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவர் தாயை ஒருவர் அன்ரி என்பார்கள். பின்வரிசையார் எசமானியைக் கூப்பிடுவதுபோல் நோனா என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பூட்டு வேலை புதிதல்ல. சண்டைக் காலத்தில் விடிந்தும் விடியாமலும் சுற்றிவளைப்பு வரும். வெளியால் பூட்டுத் தொங்கினால் ஆமிக்காரன் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான். இரண்டாயிரத்து எட்டில் செலீனின் தம்பி கிளைவ் அப்படித்தான் தப்பினான். இலக்கமில்லாத வீட்டுக்காரனுக்கு அடையாள அட்டை எடுக்க கிராம சேவகர் கடிதம் கொடுக்கவில்லை; அட்டை இல்லாத இருபது வயதுத் தமிழ்ப் பெடியனைப் பிடித்தால் பிறகு எங்கே போய்த் தேடுவது? அன்றைக்குத் தன் வீட்டுப் பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து வெளியால் போட்டு, ஆமிக்காரனிடம் கவுருத் நே சொன்னவள் டோரின். கிளைவ் மறுமாதமே அட்டை இல்லாமல் எப்படியோ கப்பல் வேலைக்குப் போய், அப்படியே திரும்பி வராமல் போய்விட்டான். செலீன் மிஞ்சினாள். அந்தச் சனிக்கிழமை டோரினின் கக்கூசை நன்றிக்காகக் கழுவிக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷமாகிவிட்டது. அதற்குச் சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. நன்றிக்கு யார் சம்பளம் கேட்பது?

அதனால்தான் போன ஞாயிறு டோரினின் புருஷன் கிளெமென்ற் சொன்னபோது பின்வரிசைக்கு அது புத்தியாகவே பட்டது. துறைமுகத்தில் கப்பல் பெட்டி எண்ணிப் பென்சன் எடுத்தவர் அவர்; தோட்டச் சங்கத்தின் தலைவர். தன் வாசற்படியில் நின்றுகொண்டார். பின்வரிசையார் கீழே நின்றார்கள். வியாழக்கிழமை அரசாங்கக் காணிக் கந்தோரில் இருந்து வருகிறார்கள், கைவிட்ட காணி எது, பாவனையில் உள்ள காணி எது என்று பிரித்து எழுதுகிறார்கள் என்றார். வீட்டில் ஆளைக் கண்டால் பேர் எடுப்பார்கள், கையிலேயே நோட்டீஸ் திணிப்பார்கள், முப்பது நாளில் தெருவில் நிற்க வேண்டும், காணித் துண்டு இல்லாத தோட்டங்களுக்கு எல்லாம் இதுதான் நடந்தது என்றார்.

"ஆள் இல்லாட்டி நோட்டீஸ் ஆருக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார். "பழைய மாதிரிச் செய்யுங்கோ. பூட்டிப்போட்டு உள்ளுக்குச் சத்தம் போடாம இருங்கோ. பூட்டுத் திறப்புகளை டோரினிட்டக் குடுங்கோ."

இடியப்பம் அவித்து விற்கிற ஹமீமா மட்டும் கேட்டாள். செலீனின் பக்கத்து வீட்டுக்காரி, யுத்தம் முடிந்தபிறகு வந்தவள். "ஐயா, பூட்டிக் கெடந்தா ஊடு காலியெண்டு நெனச்சிர மாட்டானுவளா?"

கிளெமென்ற் சிரித்தார். "ஹமீமா, நீங்க அந்த நேரம் இஞ்ச இருக்கேல்ல. உங்களுக்கு விளங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். செலீனும் சிரித்தாள். தன் வீட்டுக்குப் பூட்டே கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு வருஷமாக ரெனால்ட் கட்டிலில் கிடக்கிறான்; அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரம் என்று ஒரு நிமிஷமும் இருந்ததில்லை, பிறகு பூட்டு எதற்கு? டோரின் தன்னுடையதைத் தருகிறேன் என்றாள். அதே பித்தளைப் பூட்டு. யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று அதன் நெற்றியில் நகப்பூச்சால் இளஞ்சிவப்பாய் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

சப்பாத்துகள் போய்ச் சேர்ந்தது பதினொன்றரைக்கு. டோரின் வந்து திறந்தது ஒன்றரைக்கு. கந்தோர்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனதாகச் சொன்னாள். அதற்குள் செலீன், ரெனால்டுக்கென்று கட்டிலுக்கடியில் வைத்திருந்த பாத்திரத்தை இழுத்து அதில்தான் போனாள். ரெனால்ட் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை வருஷம் ஊரார் கக்கூசைக் கழுவிய கையால் அந்தப் பாத்திரத்தை மூடித் தள்ளிவைத்தாள்.

கதவில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒரு சிங்கள எழுத்தும் எண்ணும்.

"ஒரு பேரும் எடுக்கேல்ல," என்றாள் டோரின். "மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி வை."

செலீன் வைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் மில் கேற்றில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில் எழுத்துப் பிழைகள் இருந்தாலும் விளங்கியது. முன்வரிசை பதினான்கும் பச்சை: குடியிருப்பு, மாற்று வீட்டுக்கு உரித்துடையது. மில் மஞ்சள்: குறைபயன்பாடு, உரிமையாளருக்கு நட்டஈடு உண்டு. இருபது வருஷமாய் மனுஷக் காலடி படாத மில்லுக்கு, எங்கோ வெளிநாட்டில் இருக்கிற யாரோ சொந்தக்காரர். அவருக்குத் தாளில் இடமிருந்தது. பின்வரிசை பதினொன்றும் சிவப்பு: கைவிடப்பட்டது, ஆட்களற்றது, அகற்றப்படும்.

செலீன் அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். பட்டப்பகல், கேற்றடியில் வெயில் கொதித்தது.

"உசிரோட கபுறுக் குழிக்குள்ள வெச்சுப் பூட்டீக்கி எங்கள," என்றாள் ஹமீமா.

ரெனால்டிடம் சொல்லாமல் இருக்கப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தவன், "கட்டிலோட சேத்து என்னயும் எழுதிட்டானா?" என்று கேட்டான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான்போல. அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. "செலீன், என்னை எங்க தூக்கிட்டுப் போவ?"

அவள் அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். ஆறு வருஷமாய் எத்தனையோ கேட்டிருக்கிறான், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், சனசமூக நிலையத்தில் தற்காலிகமாய்ப் போட்டிருந்த கந்தோருக்குப் போனாள். நிலூஷா என்றொரு தமிழ்ப் பிள்ளை மேசையில் இருந்தாள். பாமன்கடையில் இருந்து வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று அவளே சொன்னாள். செலீனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். அதில் முகவரி 42. அது கிளெமென்ற் வீட்டு இலக்கம். பின்வரிசையாரின் வாக்கு, அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு எல்லாமே சண்டை முடிந்தபிறகு முன்வரிசையில் ஏதோ ஒரு வீட்டு இலக்கத்தில்தான் பதிந்திருந்தது. லைற்றும் முன்வரிசை மீற்றரில் இருந்து இழுத்த வயர்தான். தாளைப் பார்த்தால் செலீன் டோரினின் வீட்டுக்குள் குடியிருக்கிறாள். அந்த வீட்டின் முன்வாசலை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை.

நிலூஷா கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கதவின் படம். இளஞ்சிவப்புப் பொட்டு வைத்த பித்தளைப் பூட்டு நடுவில் தெளிவாய் விழுந்திருந்தது.

"வெளியால பூட்டியிருக்கு, அக்கா. தட்டியும் சத்தமில்ல. நாங்க என்ன எழுதுறது?"

செலீன் அந்தப் படத்தில் விரலை வைத்தாள். பூட்டுக்குக் கீழே, பலகைக்கு அந்தப் பக்கம், தான் குந்தியிருந்த இடத்தில்.

"நான் இதுக்குள்ளதான் இருந்தேன், தங்கச்சி. இந்தப் படம் எடுக்கிற நேரம். என் புருஷனும் இருந்தார். வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

நிலூஷா பைலைப் புரட்டினாள். பிறகு ஒரு தாளை மெதுவாகத் தள்ளினாள். பின்வரிசை வீடுகள் நீண்டகாலமாய் ஆட்களற்றவை என்பதற்கு அயலவர் சாட்சி. கீழே இரண்டு கையெழுத்து. கிளெமென்றினுடையது, டோரினுடையது. நீண்டகாலமாய் என்ற சொல்லை செலீன் வாசித்துக்கொண்டே இருந்தாள். பூட்டியிருக்கும்போது கவுருத் நே சொன்னது ஒரு பேச்சு. இது வேறு. இதைக் குந்தியிருந்து யோசித்து எழுதியிருந்தார்கள்.

திரும்ப வந்து பாருங்கள், இப்போதே வாருங்கள் என்று செலீன் கேட்டாள். நிலூஷா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இப்போது ஆள் இருந்தால், பட்டியல் போட்டபிறகு அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று எழுதுவார்கள், பொலிஸ் வரும். முன்பே இருந்தீர்கள் என்பதற்கு பச்சைப் பட்டியலில் பேர் உள்ள ஒருவர் கண்ணால் கண்ட சாட்சி எழுதித் தரவேண்டும். ஒரு கையெழுத்து இருந்தாலே பதினொரு வீட்டுக்கும் மறுபரிசீலனைக்கு எடுப்பார்கள். அடுத்த வெள்ளி பின்னேரம் மூன்று மணி கடைசி.

"நான் சொன்னதெண்டு சொல்லிராதீங்க, அக்கா," என்றாள். அவள் முகத்திலும் பயம்தான்.

சனிக்கிழமை வழக்கம்போல் செலீன் பிரஷோடும் லைசோல் போத்தலோடும் போனாள். முன்வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் சாக்கடைக் கானோரமாய் ஓர் ஒடுங்கிய வழி. அதன் முடிவில் டோரின் வீட்டுப் பக்கக் கதவு. கழுவ வருகிறவர்களுக்காக அது பகலில் எந்நேரமும் திறந்துதான் கிடக்கும். உள்ளே போனதும் பாத்ரூம், அதைத் தாண்டினால் குசினி. குசினிக்கு அப்பால் செலீன் போனதில்லை.

அன்றைக்கு குசினி வாசலில் நின்று பேசினாள். மேசையில் கிளெமென்ற் பாண் தின்றுகொண்டிருந்தார். டோரின் பால்சோற்றுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் றஷ்மிக்கு வெள்ளவத்தையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் நெருங்கியிருந்தது. செலீன் கேட்டாள். ஒரு கையெழுத்து, உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு வரி.

கிளெமென்ற் பாணைக் கீழே வைத்தார்.

"அது கஷ்டம் பிள்ளை. முதல் இல்லை எண்டு எழுதினனான். இப்ப இருக்கு எண்டு எழுதினா அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவன் எண்டு வரும். என்ர பேரையும் பச்சையில இருந்து எடுத்துப்போடுவாங்கள். வயசு போன நேரத்தில நான் எங்க போறது?"

"இல்லைன்னு எழுதச் சொல்லி யாரும் கேட்டாங்களா ஐயா?"

அவர் டோரினைப் பார்த்தார். டோரின் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள். இங்கே வீடு வேறு வரிசை வேறு, அதனால் ஒரு பிரச்சினையுமில்லை. அங்கே கட்டப்போவது மாடி. ஒரே படி, ஒரே லிஃப்ற், கதவைத் திறந்தால் எதிரே கதவு. பின்வரிசையும் பச்சை என்றால் சீட்டுக் குலுக்கித்தான் வீடு கொடுப்பார்களாம். பக்கத்தில் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"எங்களுக்குள்ள ஒண்டுமில்ல, செலீன். நாங்க அப்பிடிப் பாக்கிற ஆக்களா? ஆனா வாற ஆக்கள் கேப்பினம்தானே, பக்கத்து வீட்டில ஆரெண்டு. றஷ்மிக்கு இப்பதான் ஒரு இடம் பொருந்தி வருது. உங்கட ஆக்களுக்கும் உங்கட ஆக்களோட இருந்தாத்தான் நல்லம்."

செலீன் பிரஷை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பயந்து பயந்து வந்தவள்தான். வரும் வழியில் என்னென்ன சொல்லிக் கெஞ்சுவது என்று யோசித்து வைத்திருந்தாள். அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டோரின் இப்போது தலையை நிமிர்த்தினாள். "நன்றி எண்டு ஒண்டு இருக்கு. கிளைவ அண்டைக்குக் காப்பாத்தினது ஆர்? நான் பூட்டேல்ல எண்டா அவன்ர எலும்பும் கிடைச்சிருக்காது."

"ஓம் நோனா. காப்பாத்தினீங்க." செலீன் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அந்தப் பூட்டுக்கு நான் பதினேழு வருஷம் கழுவிட்டேன். அது தீந்துபோச்சு. இது ரெண்டாவது பூட்டு. இதுல நீங்கதான் எனக்குத் தரணும்."

பிரஷையும் போத்தலையும் குசினி வாசலிலேயே வைத்தாள். வைத்த வேகத்தில் போத்தல் சாய்ந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை. பக்கக் கதவைத் தாண்டும்போது பின்னால் டோரின் கேட்டது காதில் விழுந்தது.

"அப்ப இண்டைக்குக் கழுவேல்லையா?"

அடுத்த ஆறு நாளும் எப்படிப் போனதென்று செலீனால் சொல்ல முடியாது. முன்வரிசையில் மற்றப் பதின்மூன்று கதவிலும் கேட்டுப் பார்த்தார்கள். கிளெமென்ற் ஐயா போட்டால் நாங்களும் போடுகிறோம் என்றார்கள் சிலர். சிலர் பாப்பம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை மில் கேற்றடியில் லொறி ஒன்று தகரமும் இரும்புத் தூணும் இறக்கியது. தகரம் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ரெனால்ட் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். மிளகாய்க் கிடங்கில் செலீன் நல்லதையும் சொத்தையையும் மாற்றி மாற்றிப் போட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள். கழுவாத கக்கூசுக்குப் பழிவாங்கினாற்போல் புதன்கிழமை லைற் வயரையும் கழற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை செலீன் பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்தாள். பின்வரிசை பதினொரு கதவையும் அகலத் திறந்து வைக்கச் சொன்னாள். சிலருக்குப் பயம், திறந்துவிட்டுத் தூரப்போய் நின்றார்கள். ரெனால்டைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் ஹமீமாவும் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு தெருவைக் கண்டவனுக்கு வெயிலில் கண் கூசியது.

"எவ்வளவு வாகனம்," என்றான்.

42ஆம் இலக்க வீட்டு முன்வாசலில் கதிரையை இறக்கினார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. வெளியால் போட்ட பித்தளைப் பூட்டு. நெற்றியில் இளஞ்சிவப்புப் பொட்டு.

"அல்லாவே, போய்ட்டாங்க," என்றாள் ஹமீமா.

செலீன் கதவருகில் காதைக் கொடுத்தாள். உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரோ வெறுங்காலோடு ஓடினார்கள். அடுப்பு அணைகிற டிக் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாமையை செலீனுக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் குந்தியிருப்பார்கள், எந்தக் கால் முதலில் இழுக்கும், அடிவயிறு எத்தனை மணிக்குக் கனக்கத் தொடங்கும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். முன்னால் பூட்டைப் போட்டுவிட்டுப் பக்கக் கதவால் உள்ளே போயிருக்கிறார்கள்.

"பக்கத்தால தொறந்துதானே கெடக்கும்," ஹமீமா மெல்லச் சொன்னாள். "வா, அதால போய்க் கேப்பம். நேரம் பதினொண்டாகுது."

"இல்ல," என்றாள் செலீன். "அதால இனி போக மாட்டேன்."

உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்று எழுதிய தாள் அவள் கையில் இருந்தது. மூன்று மணிக்குக் கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை தகரம் அடைப்பார்கள், இந்தக் கதிரையையும் இதில் இருக்கிற மனுஷனையும் எங்கே தூக்கிப் போவதென்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெருவால் போகிற சனம் நின்று பார்த்தது. அவள் முன்வாசல் படியில் ஏறினாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. மூன்று தட்டுத் தட்டினாள்.

"கெதர கவுருஹரி இன்னவாத?"

பதில் இல்லை. ரெனால்டுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அடக்கவில்லை. வயிற்றில் இருந்து எடுத்து, தெருவெல்லாம் கேட்க இருமினான்.

செலீன் பூட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள். சத்தம் போடவில்லை, உள்ளே குந்தியிருப்பவர்களுக்கு மெதுவாய்ச் சொன்னாலும் கேட்கும்.

"டோரின் அக்கா. உள்ளதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

நோனா என்று சொல்லவில்லை என்பது சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. படியில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தாளை மடியில் விரித்து, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

அந்த வீட்டார் அவளுக்குத் தரவேண்டியது ஒரு கையெழுத்து. பூட்டிய கதவுக்கு உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்ற ஒரு வரிக்குக் கீழே, ஒரு கையெழுத்து. அது இன்னும் தரப்படவில்லை.